எண்ணெய் போட்ட தாழ்ப்பாள்

ஒளிந்துகொள்வது பாதிதான் நம் கையில் இருக்கிறது. இதை நான் நாற்பத்து நாலு வயதில், ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில், நாகல் நகரில் ஒரு மாடி அறையில் பகடை உருட்டித் தெரிந்துகொண்டேன். தெரிந்துகொண்டேன் என்பதும் பொய்தான். ஆட்டத்தின் சட்டம் எனக்கு வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்கத் தெரியும். அது என் வீட்டு வாசல்படிக்கும் பொருந்தும் என்பது மட்டும் மண்டையில் ஏறவே இல்லை.

ஆட்டம் என்னவென்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் சீட்டாட்டம் என்று நினைத்துக்கொள்வீர்கள். நாலு பேர் மேசையைச் சுற்றி உட்காருவோம். ஒருவர் கதையை நடத்துவார். மற்ற மூவருக்கும் கதைக்குள் ஆளுக்கொரு வேடம். "கோட்டை வாசல்ல நிக்கிறீங்க, உள்ள வெளிச்சம் தெரியுது, என்ன செய்றீங்க?" என்று நடத்துகிறவர் கேட்பார். நாம் செய்வதைச் சொல்ல வேண்டும். அது நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வரும் இடத்தில் இருபது முகம் கொண்ட பகடையை உருட்ட வேண்டும். ஜெயித்தவன் தோற்றவன் என்று யாரும் கிடையாது. கதை அடுத்த வாரம் விட்ட இடத்திலிருந்து தொடரும். பெரிய ஆட்கள் மூன்று மணி நேரம் உட்கார்ந்து பூதம், புதையல் என்று பேசிக்கொண்டிருப்போம், அவ்வளவுதான்.

என் வேடம் ஒரு திருடன். திருடனுக்கு ஒளிவதுதான் பிழைப்பு. நான் பகடையை உருட்டி விழுந்த எண்ணோடு ஒன்பதைக் கூட்டிக்கொள்ளலாம், அவ்வளவு தேறியவன். ஆனால் எதிர்ப்பக்கமும் ஓர் எண் உண்டு. காவல்காரன் தேடவே வேண்டாம், சும்மா நின்றாலும் அவன் கண்ணுக்கும் காதுக்கும் சேர்த்து இத்தனை என்று ஓர் எண். எங்கள் மேசையில் அதற்குச் ‘சும்மாக் கவனம்’ என்று பெயர் வைத்திருந்தோம். என் எண் அதைவிடப் பெரிதாக இருந்தால் நான் ஒளிந்தாயிற்று. அந்தக் கவனம் எத்தனை என்று எனக்குச் சொல்ல மாட்டார்கள். நடத்துகிறவர் இரண்டு பரீட்சை அட்டைகளைக் கிளிப் போட்டுத் தன் முன்னால் நிறுத்தி, அதற்குப் பின்னால் எழுதி வைத்திருப்பார். எட்டிப் பார்த்துவிட்டு, "யாரும் திரும்பல" என்பார். ஏன் திரும்பவில்லை, என் திறமையாலா, அவன் அசட்டையாலா? அதைக் கேட்கும் வழக்கம் எங்களுக்குள் இல்லை. நான் திறமை என்றே எடுத்துக்கொள்வேன்.

எனக்குத் தாலுகா ஆபீஸ் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை. ஒரு நாள் ஒரு கல்லூரி ஆசிரியர், என்னைவிடப் பத்து வயது சின்னவர், பென் டிரைவைக் கொடுத்து முன்னூற்றுச் சொச்சம் பக்கங்களை அச்சடித்து பைண்டிங் போட்டுத் தரச் சொன்னார். அச்சு ஓடும்போது பக்கங்களைப் படிப்பது என் கெட்ட பழக்கம். பட்டா, வாரிசுச் சான்று, ஜாமீன் மனு என்று ஊர்ப்பட்ட ரகசியம் படித்த கண் இது. அது இந்த ஆட்டத்தின் சட்டப் புத்தகம். அதில் ஒளிவது எப்படி என்று இரண்டு பக்கம் இருந்தது. வெட்ட வெளியில் ஒளிய முடியாது. உன்னை நேராகப் பார்த்துக்கொண்டிருப்பவனிடமிருந்து ஒளிய முடியாது. கத்தினாலோ அடித்தாலோ ஒளிவு கலைந்துவிடும். இரும்புக் கவசம் போட்டிருந்தால் இரண்டு தடவை உருட்டிச் சின்ன எண்ணை எடுத்துக்கொள்ள வேண்டும். இப்படிச் சின்னச் சின்னதாக எல்லாவற்றுக்கும் கணக்கு வைத்திருந்தார்கள். மறுநாள் புத்தகத்தை வாங்க வந்தவரிடம் நாலு கேள்வி கேட்டேன். "அண்ணே, ஞாயித்துக்கெழம வாங்களேன், ஒரு ஆளு கொறையுது" என்றார். போனேன்.

மற்ற இருவரில் ஒருவர் பள்ளிக்கூட டீச்சர். காலையில் கோயிலில் பூசை பார்த்துவிட்டு, வீட்டில் சமைத்து வைத்துவிட்டு வருவார். இரும்புக் கவசப் போர்வீரன் வேடம் அவருடையது. இன்னொருவன் பஸ் ஸ்டாண்டு பக்கம் மொபைல் கடை வைத்திருக்கும் பையன், மந்திரவாதி. கதையை நடத்துகிறவர் அந்தக் கல்லூரி ஆசிரியர்தான். அவரை மாஸ்டர் என்போம். எங்கள் ஊரில் பரோட்டா போடுகிறவருக்கும் துணி தைக்கிறவருக்கும் அப்புறம் அந்தப் பட்டம் இவருக்குத்தான்.

இப்போது என் மனைவி. வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் பதினாறு வருடமாக வேலை. நூல் முறுக்கும் மெஷின் வரிசையில் நடந்துகொண்டே அறுந்த இழையைப் பிணைக்கும் வேலை. பெரும்பாலும் நைட் ஷிப்ட். கரூர் ரோட்டில் மில் பஸ் ஏறிப் போவாள், காலை ஏழரைக்கு அதே இடத்தில் தலையெல்லாம் பஞ்சோடு இறங்குவாள். அந்த மெஷின் ஓடும்போது பக்கத்தில் நிற்கிறவளிடம் பேசக் கை ஜாடைதான். ஒரே மகள், மதுரையில் ஹாஸ்டலில் தங்கி நர்சிங் படிக்கிறாள். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

நான் ஆட்டத்துக்குப் போக ஆரம்பித்த சமயத்தில் அவள் ஒன்று கேட்டாள்.

"ஏங்க, ஞாயித்துக்கெழம ஒரு நாளு எங்கயும் போயிராதீங்க. நான் தூங்குனாலும் நீங்க வீட்ல இருந்தாப் போதும்."

"நீ தூங்கும்போது நான் இருந்தா என்ன, இல்லாட்டி என்ன?"

"இருந்தா நிம்மதியாத் தூங்குவேன். அம்புட்டுத்தான்."

சரி என்றேன். சத்தியமாகச் சரி என்றேன். என்ன விளையாட்டு என்று அவள் முன்பே ஒரு தடவை கேட்டிருந்தாள். ராத்திரி முழுக்க நின்று கால் வீங்கி வந்தவளிடம் பூதம், திருடன், கோட்டை என்று சொல்ல நாக்கு கூசியது. ஏதோ அச்சு வேலை என்று மழுப்பிவிட்டேன். வெட்கத்தில் பிறந்த பொய். அதன் மேல் இந்தச் சத்தியம். ஆட்டத்தையும் விட மனசில்லை. அவள் பன்னிரண்டரைக்குச் சாப்பிட்டுவிட்டுப் படுப்பாள், ஐந்து மணிக்கு எழுந்திருப்பாள். ஆட்டம் ஒன்றரையிலிருந்து நாலரை. இடையில் போய்விட்டு வந்துவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது?

இப்படித்தான் நான் என் சொந்த வீட்டில் திருடன் ஆனேன். அதை அப்போது எவ்வளவு சந்தோஷமாகச் செய்தேன்!

புத்தகத்தில் உள்ள சட்டத்தையெல்லாம் வீட்டுக்குப் போட்டேன். தூங்குகிறவளுக்குக் கண் கிடையாது, காது உண்டு. ஆகவே சத்தம்தான் எதிரி. மின்விசிறியை ஐந்தில் வைத்தால் எனக்குச் சாதகம், இரண்டு தடவை உருட்டிப் பெரியதை எடுத்துக்கொள்ளலாம். முன்கட்டில் அவள் படுத்திருக்கும் பாயைத் தாண்டிச் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு போவேன். வெளிக்கேட்டின் தாழ்ப்பாள் இழுத்தால் தெருவுக்கே கேட்கும், கிறீச்சென்று. அதற்கு முதல் வாரமே தேங்காய் எண்ணெய் விட்டேன். பிறகு தையல் மெஷின் எண்ணெய். வாரம் தவறாமல் விட்டதில் அது வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு திறக்கும். வண்டியைத் தெருமுனைக் குழாயடி வரை தள்ளிக்கொண்டு போய்த்தான் ஸ்டார்ட் செய்வேன். திரும்பி வரும்போதும் அதே குழாயடியில் என்ஜினை அணைத்துத் தள்ளிக்கொண்டு வருவேன். இரண்டு வருடத்தில் ஒரு நாள்கூட அவள் புரண்டு படுக்கவில்லை.

மேசையில் இதை வாய் கிழியச் சொல்வேன். "அண்ணனுக்கு வீட்லயே பிளஸ் ஒம்போது" என்பான் மொபைல் கடைக்காரன். எல்லோரும் சிரிப்போம். எனக்குள் ஒரு கர்வம். கடையில் நாள் முழுக்க ஜெராக்ஸ் மெஷின் மூடியைத் திறந்து மூடுகிறவனுக்கு, தான் கெட்டிக்காரன் என்று எதிலாவது தோன்ற வேண்டும் இல்லையா.

இந்த இரண்டு வருடத்தில் வீட்டில் நடந்ததையும் சொல்ல வேண்டும். இதையெல்லாம் பிறகு கோத்துப் பார்த்தேன். அப்போது ஒவ்வொன்றும் தனித்தனியாக எரிச்சலைத்தான் கொடுத்தது.

எது சொன்னாலும் அவள் இரண்டாம் தடவை "என்ன?" என்று கேட்க ஆரம்பித்தாள். டிவியைச் சத்தமாக வைத்தாள். என் மேல் உள்ள கோபத்தை அதில் காட்டுகிறாள் என்று நினைத்து, பேசாமல் எழுந்து போய்க் குறைப்பேன். நான் இடது பக்கம் உட்கார்ந்தால் இடம் மாறி உட்காருவாள். குக்கர் வைத்தால் அடுப்பை விட்டு நகர மாட்டாள். மூடி மேல் ஆவி கிளம்புவதையே பார்த்துக்கொண்டு நிற்பாள். மகளுக்குப் போன் செய்வதை விட்டுவிட்டாள். எழுத்தில் அனுப்புவாள், போட்டோ அனுப்புவாள். "அம்மா எங்கூடப் பேசவே மாட்டேங்குதுப்பா" என்று மகள் சொன்னபோது, இரண்டு பேருக்கும் ஏதோ மனஸ்தாபம், பொம்பளைகள் விஷயம் என்று விட்டுவிட்டேன். எதிர்வீட்டம்மா என்னிடமே சொன்னாள்: "ஒங்க வீட்டம்மாவுக்கு இப்பத் தலக்கனம் கூடிப்போச்சு. ரோட்ல கூப்புட்டாத் திரும்புறதே இல்ல." அதையும் சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டு வந்தேன்.

நான் பேசும்போது அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள். கல்யாணமாகி இத்தனை வருடத்துக்கு அப்புறமும் இப்படிப் பார்க்கிறாளே என்று ஒரு நாள் எனக்குக் குளிர்ந்துகூடப் போயிற்று. இந்த அசட்டுத்தனத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது?

அப்புறம் அந்த வார்த்தை. எல்லா வீட்டிலும் எல்லோரும் சொல்வதுதான். "ஏன், காது செவிடா?" ஒரு நாளைக்கு இரண்டு தடவையாவது கேட்டிருப்பேன். வாரத்துக்குப் பதினாலு. அவள் ஒரு தடவைகூடப் பதில் சொன்னதில்லை. லேசாகச் சிரிப்பாள். அது அவளுக்குக் கேட்டதா கேட்கவில்லையா என்பதே இன்றுவரை எனக்குத் தெரியாது.

எல்லாவற்றையும்விட மோசம் இன்னொன்று. குஜிலியம்பாறைப் பக்கத்திலிருந்து பட்டா நகல் எடுக்க ஒரு பெரியவர் கடைக்கு வருவார். சுத்தமாகக் காது கேட்காது. கையைக் காதுக்குக் குவித்து, கழுத்தை நீட்டி, "ஆங்?" என்று தாலுகா ஆபீஸ் வரை கேட்கக் கத்துவார். நான் அதை வீட்டில் அப்படியே செய்து காட்டுவேன். சோற்றுத் தட்டைக் கீழே வைத்துவிட்டு, கழுத்தை நீட்டி, கண்ணை உருட்டி. அவள் புரையேறச் சிரிப்பாள். மகள் லீவில் வந்தால், "அப்பா, அந்தத் தாத்தா மாதிரிப் பண்ணு" என்பாள். எங்கள் வீட்டில் ரொம்ப நாள் ஓடிய நாடகம் அது. கடைசிக் கடைசியாக நான் செய்து காட்டியபோது அவள் சிரிக்காமல் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். புளித்துப்போயிற்று போலிருக்கிறது என்று நானும் நிறுத்திவிட்டேன்.

இந்த வருடம் வெயில் ஏறத் தொடங்கிய சமயம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. அவள் படுத்துவிட்டாள். கிளம்புவதற்கு முன் தண்ணீர் குடிக்கலாம் என்று சமையலறைக்குள் போனவன், விளக்கைப் போடாத உள்ளிருட்டில் முழங்கை பட்டு, மேடையில் இருந்த எவர்சில்வர் குடத்தைத் தள்ளிவிட்டேன். முழுக்குடம். சிமெண்டுத் தரையில் விழுந்து, மோதி, உருண்டு, சுவரில் முட்டி நின்றது. அந்தச் சத்தத்தை எழுத்தில் எழுத முடியாது. எதிர்வீட்டு நாய் குரைத்தது. எதிர்வீட்டம்மா ஜன்னலைத் திறந்து, "என்னாச்சு? என்ன விழுந்துச்சு?" என்று கத்தினாள்.

நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முன்கட்டில் அசைவே இல்லை. எட்டிப் பார்த்தேன். சுவர்ப் பக்கம் திரும்பி, எனக்கு முதுகைக் காட்டிப் படுத்திருந்தாள். மேல்பக்கத்துத் தோள் மூச்சுக்கு ஏறி இறங்கியது. அவ்வளவுதான்.

ஒரு மனுஷன் அப்போது என்ன நினைக்க வேண்டும்? நான் நினைத்தது, அப்பாடா. குடத்தை நிமிர்த்தி மேடையில் வைத்தேன். தண்ணீரை வந்து துடைத்துக்கொள்ளலாம் என்று விட்டேன். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, தாழ்ப்பாளை வழுக்கித் திறந்து, வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டேன்.

மாடிக்குப் போன உடனே கதையை ஆரம்பித்தேன். "இன்னைக்கு உருட்டுனேன் பாருங்க, ஒண்ணு! ஒண்ணு விழுந்தும் தப்பிச்சேன்!" கையை ஆட்டி, குடம் உருண்டதைச் செய்து காட்டி, நாயையும் குரைத்துக் காட்டினேன்.

"ஒண்ணு விழுந்தாத் தப்பிக்க முடியாதுண்ணே" என்றார் மாஸ்டர். "நம்ம மேசச் சட்டமே அதான். ஒண்ணு விழுந்து ஒருத்தன் தப்பிச்சான்னா, எதிர்ப்பக்கம் ஏதோ கோளாறுன்னு அர்த்தம்."

"அக்காவோட சும்மாக் கவனம் பூச்சியமா இருக்கும்ணே!" என்றான் மொபைல் கடைக்காரன். நான் மேசையைத் தட்டிச் சிரித்தேன்.

டீச்சர் சிரிக்கவில்லை. பகடையைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"அண்ணே, அக்காவுக்குக் காது நல்லாக் கேக்குதா?"

"ஏன் டீச்சர்?"

"மில்லுல எத்தன வருசமா இருக்காங்க?"

"பதினாறு."

"என் கிளாஸ்ல ஒரு பிள்ள இருந்துச்சு. எப்பவும் மொத பெஞ்சு, எப்பவும் என் வாயவே பாத்துக்கிட்டு இருக்கும். நல்லாக் கவனிக்கிற பிள்ளன்னு நானும் ஒரு வருசம் மெச்சிக்கிட்டு இருந்தேன். அப்புறந்தான் தெரிஞ்சுச்சு, அதுக்குக் காது கேக்கல."

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. "நைட் ஷிப்ட் முடிச்சுட்டு வந்து படுத்திருக்கா டீச்சர். இடி விழுந்தாலும் எந்திரிக்க மாட்டா. நீங்க ஆட்டத்தப் பாருங்க" என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். ஆட்டம் தொடங்கியது.

நான் எழுந்து வீட்டுக்குப் போகவில்லை. இதை எத்தனை தடவை எழுதினாலும் இப்படித்தான் எழுத வேண்டியிருக்கும். ‘வாயவே பாத்துக்கிட்டு’ என்று டீச்சர் சொன்ன கணத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்துகொண்டே நாலரை மணி வரை உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு ஒரு அரண்மனை முற்றத்தைக் கடக்க வேண்டியிருந்தது. பகடையில் பத்தொன்பது விழுந்தது. ஒன்பதையும் சேர்த்து இருபத்தெட்டு. "இருபத்தெட்டு!" என்று நான் கத்தியது இப்போதும் என் காதில் விழுகிறது.

வழக்கம் போலக் குழாயடியில் வண்டியை அணைத்தேன். தள்ளிக்கொண்டு வந்தேன். தாழ்ப்பாளைச் சத்தமில்லாமல் நீக்கினேன், செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். பழக்கம் அவ்வளவு ஊறிப்போயிருந்தது. வாசலில் கால் வைத்தால், அவள் முன்கட்டில் பாய் மேல் உட்கார்ந்திருந்தாள். மடியில் அந்தக் குடம். ஒரு பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு நசுங்கியிருந்தது.

"இது எப்பங்க விழுந்துச்சு?"

நான் வாயைத் திறந்தேன். அவள் கண் உடனே என் வாய்க்கு வந்தது. அந்தப் பார்வையை இரண்டு வருடமாகப் பார்த்திருந்தும் அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தேன்.

"நான் போறப்ப" என்றேன்.

"பெரிய சத்தமா?"

"ஆமா."

"எதுத்த வீட்ல கேட்டாங்களா?"

"ஆமா."

குடத்தின் நசுங்கலைப் பெருவிரலால் தடவிக்கொண்டிருந்தாள். அழவில்லை. பிடிபட்டவளின் முகம் அது. அதை நான் எத்தனை ஆட்டத்தில் கற்பனை செய்திருக்கிறேன், அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாமலே.

அப்புறம் மெதுவாக, விட்டு விட்டுச் சொன்னாள். இடது காது மூன்று வருடமாகவே கிடையாது. வலதும் போய்க்கொண்டிருக்கிறது. மில்லில் தெரிந்தால் மெஷினிலிருந்து எடுத்துவிடுவார்கள். மெஷின்காரிகள் பாதிப் பேருக்கு இதே கதைதான், யாரும் வாய் திறப்பதில்லை. காதில் பஞ்சை உருட்டி வைத்துக்கொள்வார்கள்.

"எங்கிட்டச் சொல்ல வேண்டியதுதான?" என்று கேட்டேன். கேட்கும்போதே குரல் உயர்ந்துவிட்டது. அவள் கையைக் காதுக்குக் குவித்து, கழுத்தை நீட்டி, கண்ணை உருட்டிக் காட்டினாள். குஜிலியம்பாறைப் பெரியவர். என் நாடகம். என்னைவிட நன்றாகச் செய்தாள்.

கீழே உட்கார்ந்தேன்.

"நீங்க ஞாயித்துக்கெழம போறது எனக்குத் தெரியும்" என்றாள். "மொத நாள்லயிருந்தே தெரியும். நீங்க போனப்பறம் தூங்க மாட்டேன். வாசலப் பாத்துக்கிட்டே படுத்திருப்பேன். யாராச்சும் உள்ள வந்தா எனக்குக் கேக்காதுல்ல? அதுக்குத்தான் வீட்ல இருங்கன்னு சொன்னேன். இன்னைக்குத்தான் அசந்துட்டேன் போல, திரும்பிப் படுத்துட்டேன்."

ராத்திரி முழுக்க நின்ற கால். இரண்டு வருடத்து ஞாயிற்றுக்கிழமைகள். வாசலைப் பார்த்துக்கொண்டே. கேட்டின் தாழ்ப்பாளுக்கு எண்ணெய் போட்டு, எவன் வேண்டுமானாலும் சத்தமில்லாமல் உள்ளே வரும்படி வைத்துவிட்டு நான் போயிருக்கிறேன்.

"தெரிஞ்சா ஏன் கேக்கல?"

"கேட்டா, எதுக்கு வீட்ல இருக்கச் சொல்றேன்னு நீங்க கேப்பீங்க." என் கையில் இன்னும் தொங்கிக்கொண்டிருந்த செருப்பைப் பார்த்தாள். "நீங்க செருப்பக் கையில எடுத்துட்டுப் போவீங்க. அரக்கண்ண மூடிட்டுப் பாப்பேன். சரி, இன்னும் எனக்குக் காது கேக்குதுன்னுதான் நெனச்சுக்கிட்டு இருக்காருன்னு இருக்கும். அதுல ஒரு நிம்மதி."

நான் ஒளிந்தது அவளிடமிருந்து. என் ஒளிவுதான் அவளுக்கு மறைப்பு. நான் காலை எடுத்து வைத்த ஒவ்வொரு பூனை நடையும் அவள் ரகசியம் பத்திரமாக இருக்கிறது என்று அவளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. எத்தனை ஆட்டம் ஆடினேன், எதிர்ப்பக்கத்து எண் என்ன என்று ஒரே ஒரு தடவை கேட்டிருந்தால் போதும்.

மறுவாரம் காது டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். கண்ணாடி வைத்த சின்ன அறைக்குள் உட்கார வைத்து, காதில் ஹெட்போனை மாட்டி, சத்தம் கேட்டால் கையைத் தூக்கச் சொன்னார்கள். நான் வெளியே நின்று பார்த்தேன். அவள் ரொம்ப நேரம் கையைத் தூக்கவில்லை. நடுவில் என்னைப் பார்த்தாள், இப்போது தூக்கலாமா என்று என் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

இரைச்சலால் போனது திரும்பி வராது என்றார் டாக்டர். "ஒரு ரெண்டு வருசம் முன்னாடி கூட்டிட்டு வந்திருந்தா, இரைச்சல்லயிருந்து வெலக்கி இருக்குறதையாவது காப்பாத்திருக்கலாம். வீட்ல யாரும் கவனிக்கலயா?" என்றார். சாதாரணமாகத்தான் கேட்டார். அவள் காது எவ்வளவு கேட்கிறது என்று போட்டுத் தந்த வரைபடத்தை என் கடையிலேயே நகல் எடுத்தேன். கோடு இடமிருந்து வலமாகச் சரிந்துகொண்டே போகிறது. நகல் எடுக்கும்போது படிப்பது என் பழக்கம் என்று சொன்னேனே. அதை ஒரு தடவைக்கு மேல் படிக்கவில்லை.

டீச்சரிடம் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. ஆட்டத்துக்கும் போகவில்லை. மாஸ்டர் இரண்டு தடவை கடைக்கு வந்து, "அண்ணே, உங்க திருடன் அரண்மனை முற்றத்துலயே நிக்கிறான்" என்றார். நிற்கட்டும்.

வலது காதுக்கு மெஷின் வாங்கினோம். மில்லில் அவளே போய்ச் சொன்னாள். பயந்தது போலவே நூல் மெஷினிலிருந்து எடுத்து, பகலில் நூல் சுற்றிய கோன்களைப் பெட்டியில் அடுக்கும் பேக்கிங் வேலைக்குப் போட்டார்கள். பதினாறு வருடப் பெருமை போயிற்று என்று அன்றைக்கு ஒரு வாய் சாப்பிடவில்லை.

காது மெஷினை வீட்டில் முதல் தடவை போட்ட நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மகளும் வந்திருந்தாள். மகளே சத்த அளவைச் சரிசெய்து அம்மாவுக்கு மாட்டிவிட்டாள். மின்விசிறிச் சத்தம் கேட்டது. குக்கர் கேட்டது. மகள் காதுப் பக்கம் குனிந்து, "அம்மா" என்றதும் கேட்டது. என் மனைவிக்கு முகமெல்லாம் பல்லாகிவிட்டது. எனக்கும் நெஞ்சு கொஞ்சம் இளகியது.

"ஏங்க, நம்ம கேட்டுத் தாப்பாள இழுங்களேன்" என்றாள். "காலைல மில் பஸ்ஸ விட்டு எறங்கி வந்து அதத் தொறக்குறப்ப ஒரு சத்தம் வரும்ல, கிறீச்சுன்னு. அதக் கேட்டு எம்புட்டு நாளாச்சு. அந்தச் சத்தம் கேட்டாத்தான் எனக்கு வீட்டுக்கு வந்துட்டோம்னே இருக்கும்."

நான் எழுந்து போனேன். கேட்டுக்கு முன்னால் நின்று தாழ்ப்பாளைப் பிடித்தேன். அவள் வாசல்படியில் உட்கார்ந்து, கண்ணை மூடி, தலையை வலது பக்கம் சாய்த்துக் காத்துக்கொண்டிருந்தாள். இழுத்தேன். வழுக்கிக்கொண்டு வந்தது. வேகமாக இழுத்தேன், ஆட்டினேன், திருப்பித் தள்ளினேன். ஒரு சத்தம் வரவில்லை.

அவள் கண்ணைத் திறந்தாள். என் கை தாழ்ப்பாளில் இருப்பதைப் பார்த்தாள்.

"இழுத்துட்டீங்களா?"

"ம்."

மகளைப் பார்த்தாள். "எனக்கு இன்னும் சரியாக் கேக்கல போலருக்கு" என்று சொல்லி, காதிலிருந்து மெஷினைக் கழற்ற ஆரம்பித்தாள்.

"கேக்கும்மா" என்று மகள் சொன்னாள். "எனக்கும் கேக்கலம்மா. சத்தமே வரல. அப்பா எண்ணெ போட்டிருக்கு போல."

அவள் என்னைப் பார்த்தாள். எதற்கு என்று கேட்கவில்லை. அவளுக்குத் தெரியும். மெஷினைத் திருப்பி மாட்டிக்கொண்டு உள்ளே எழுந்து போனாள்.

அன்றைக்கே மண்ணெண்ணெய் வாங்கி வந்து தாழ்ப்பாளைத் துடைத்தேன். சோப்புத் தண்ணீர் போட்டுத் தேய்த்தேன், உப்புத் தண்ணீர் விட்டேன், மண்ணைக்கூட அள்ளித் தேய்த்துப் பார்த்தேன். இரண்டு வருடத்து எண்ணெய் இரும்புக்குள் இறங்கியிருக்கிறது. வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை அவள் உள்ளே படுத்திருக்கும்போது போய் இழுத்துப் பார்க்கிறேன். நல்ல மழை ஒன்று பெய்தால் துருப்பிடிக்கும். இந்த வருடம் எங்கள் பக்கம் இன்னும் மழை இல்லை.